மை ஓடினால் மின்சாரம் ஓடும்!

கம்ப்யூட்டர் விசைப்பலகை வீட்டில் பழுதாகிக் கிடக்கிறதா? திருகைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதில் ஓடும் சாம்பல் நிறக் கோடுகள் கம்பி அல்ல. வெள்ளித் தூள் கலந்த மை!

கும்மிடிப்பூண்டிப் பையன் ஒருவன் ரேடியோ செய்ய ஆசைப்பட்டால், மின்சார ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து செம்புப் பலகை வாங்குவான். வேண்டாத செம்பை பெர்ரிக் குளோரைடு கரைசலில் கரைப்பான். சட்டையில் பட்டால் கறை போகாது. மிஞ்சிய நீரைச் சாக்கடையில் கொட்டவே கூடாது. அதில் செம்பு இருக்கிறது.

மைக்கு இந்தத் தொல்லை இல்லை. 2013-ல் தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளி மையை ஊற்றி, தாளிலேயே மின்சுற்றை அச்சடித்தார்கள். உலை வேண்டாம், அமிலம் வேண்டாம்! ஆனால் ஈயப் பற்று வைத்தால் தாள் கருகும். உறுப்புகளை மின்சாரம் கடத்தும் பசையால் ஒட்ட வேண்டும். வெள்ளியாயிற்றே, விலையும் கூடுதல்தான்.

காசில்லாமல் பார்க்க ஆசையா? 6பி பென்சிலால் தாளில் பட்டையாக இரண்டு கோடு போடுங்கள். ஒரு முனையில் 9 வோல்ட் பேட்டரி, மறுமுனையில் சின்ன எல்.இ.டி. விளக்கு. நீளக் கால், கூட்டல் குறிப் பக்கம். விளக்கை நேராகப் பேட்டரியில் வைக்காதீர்கள், கருகிவிடும். கோடு குட்டையாக இருக்கட்டும். நீண்டால் வெளிச்சம் மங்கும்.