உங்களுக்குத் தெரியுமா? – அம்பாசடரைத் தாழ்த்தும் கணக்கு

● 1957 முதல் 2014 வரை தயாரான கார் அம்பாசடர். அதன் பழைய மாடல்களில் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல. முறுக்கேறி எடை தாங்கும் 'டார்ஷன் பார்' என்ற நீண்ட எஃகுத் தண்டு. தண்டின் பல் பொருத்தத்தைத் தள்ளி அமைத்தாலே முன்பக்கம் இறங்கும். எதையும் வெட்ட வேண்டாம்.

● பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே உலோகக் கட்டை வைத்து, நீளமான யு-போல்ட் மாட்டித் தாழ்த்துவார்கள்.

● வண்டி இறங்கினால் சக்கரம் எழும்ப இடம் குறையும். அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் தேவை. வீல் அலைன்மென்ட்டையும் ஹெட்லைட் கோணத்தையும் மறுபடி சரிசெய்தே ஆகவேண்டும்.

● இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த வேகத்தடை அளவு: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். குடும்பத்தோடு போகும் வண்டி அதை உரசாமல் தாண்டவேண்டும். எனவே எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகே தரை இடைவெளியை அளக்கவேண்டும்.

● பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.