மீன்தொட்டியும் ஆறாத புண்ணும்

“கைப்புண் ஆறும்வரை வீட்டு மீன்தொட்டியை அகற்றிவிட வேண்டுமா?” எனக் கடமலைக்குண்டுப் பகுதியிலிருந்து வருவோர் எங்களைக் கேட்பதுண்டு. அகற்ற வேண்டியதில்லை, கையைக் காத்தாலே போதும்.

மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளில் வாழும் கிரிபென்சிஸ், சிக்லிட் மீன்களுள் சாதுவானது; ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வளரும். கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வாயில் அமைத்தால் அதனுள் முட்டையிடும். தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கும். நெடுநாள் ஓய்விலிருப்போர்க்கு அது இனிய காட்சி.

ஆயினும் தொட்டி நீரில் ‘மைக்கோபாக்டீரியம் மரைனம்’ என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த அது, புண்ணின் வழியே புகுந்து, சில வாரங்களில் ஆறாத கட்டியாகத் தோன்றும். ஆகவே புண் உள்ளோரும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போரும் தொட்டியில் கையிடலாகாது. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றும் பணியை வீட்டார் கையுறை அணிந்து செய்ய வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சலாகாது. முடிந்ததும் சோப்பினால் கை கழுவ வேண்டும்.

வளர்க்க இயலாவிடின் பிறரிடம் அளியுங்கள். மூல வைகையில் விடாதீர்கள். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டை நம் நீர்நிலைகளில் பெருகியதை அறிவோம்.

கையில் ஆறாத கட்டி தோன்றினால், வீட்டில் மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். நோயை விரைந்து அறிய அச்செய்தியே வழிகாட்டும்.