தாய்மார் எழுதிய கடிதங்கள்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது தமிழர் வழங்கும் சொல். அம்மறுபிறப்பைக் கடந்து வந்த தாய்மார் இருவர் சந்தித்துவிட்டால், பேச்சு விரைவில் அதனிடமே வந்து சேரும். வலி எவ்வளவு நேரம் நீடித்தது, உடனிருந்தவர் யார், எத்தனை நாளில் எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டியதாயிற்று என்று ஒருவர் அநுபவத்தை மற்றவர் அநுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். ஆடவர் இதனைப் 'பெண்கள் பேச்சு' என்று ஒதுக்கிவிடுவதுண்டு. ஆயினும் அப்பேச்சு ஏட்டில் ஏறி, சட்டம் இயற்றுவோரையும் செவிசாய்க்க வைத்த வரலாறு ஒன்று இங்கிலாந்தில் உண்டு.

கூட்டுறவு மகளிர்

1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மகளிர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. கூட்டுறவுப் பண்டகசாலைகளில் பொருள் வாங்கிய தொழிலாளர் குடும்பப் பெண்களே பெரும்பாலும் அதன் உறுப்பினர். 1889 முதல் 1921 வரை மார்கரெட் லூயலின் டேவிஸ் அம்மையார் அதன் பொதுச் செயலாளராக விளங்கினார். 1911-இல் இயற்றப்பெற்ற தேசியக் காப்புறுதிச் சட்டத்தில் 30 ஷில்லிங் பேறுகால உதவித்தொகை இடம்பெற்றதற்கு இச்சங்கத்தின் முயற்சியும் ஒரு காரணம். முதலில் அத்தொகை கணவனைச் சேர்ந்ததாயிருந்தது. சங்கம் விடாது வற்புறுத்தியதன் பயனாக 1913-இல் சட்டம் திருத்தப்பெற்று, அது தாய்க்கே உரியதாயிற்று.

ஆனால், ஒரு முறை கொடுக்கும் 30 ஷில்லிங் போதுமா? தொழிலாளர் மனைவியர் பேறுகாலத்தில் உண்மையில் படும் பாடு என்ன? இதனை அறியச் சங்கம் 1914-இல் ஒரு வழி கண்டது. மருத்துவரையோ அதிகாரிகளையோ அது கேட்கவில்லை. சங்கத்தில் பொறுப்பு வகித்த பெண்களையே தத்தம் அநுபவத்தை எழுதியனுப்புமாறு கேட்டது. 386 விடைகள் வந்தன. அவற்றுள் 160 கடிதங்கள் 1915-இல் நூலாக வெளிவந்தன. எழுதியவர் பெயர் அச்சிடப்படவில்லை. கணவனின் வாரக் கூலி, பிள்ளைகளின் எண்ணிக்கை, கருச்சிதைவுகளின் எண்ணிக்கை போன்ற விவரங்களே கடிதங்களோடு குறிக்கப்பெற்றன.

மூன்று காரணங்கள்

ஒவ்வொரு கடிதமும் தனியே ஒரு துயரக் கதை. பெண்ணாய்ப் பிறந்தால் இப்படித்தான் என்று எண்ணி, பல்லாண்டுகள் வாய் திறவாதிருந்தவர் பலர். ஆனால் கடிதங்களை அருகருகே வைத்தபோது, ஒரே செய்தி மீண்டும் மீண்டும் தலைகாட்டிற்று.

முதலாவது அறியாமை. கருவுற்ற பெண் தன் உடலில் நிகழ்வது என்னவென்று அறியாதிருந்தாள். தாயும் அதனை வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டாவது ஓய்வின்மை. வலி எடுக்கும் வேளை வரையில் துணி துவைத்தவர்களும், பெற்ற சில நாட்களிலேயே மீண்டும் வேலையில் இறங்கியவர்களும் இருந்தனர். மூன்றாவது உணவுக் குறை. மருத்துவருக்கும் மருத்துவச்சிக்கும் கொடுக்க வேண்டிய பணத்தை மிச்சம் பிடிக்கத் தாய் தன் வயிற்றையே சுருக்கினாள்.

ஓய்வின்மை ஏன் கேடு விளைத்தது? பிள்ளை பிறந்தபின் கருப்பை தன் பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதனைத் தாங்கும் தசைகள் அந்நாட்களில் தளர்ந்திருக்கும். அவை வலுப்பெறுமுன் பளுவான வேலை செய்தால் கருப்பை கீழிறங்க இடமுண்டு. பல தாய்மார் ஆண்டுக்கணக்கில் சுமந்த நோய் இதுவே. நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளை வீட்டினுள் இருத்தி, பத்தியம் வைத்துப் பார்த்துக்கொண்ட வழக்கத்தில், அவளுக்குக் கட்டாய ஓய்வேனும் கிடைத்தது. கூலியை நம்பி வாழ்ந்த அப்பெண்களுக்கு அதுவும் கிட்டவில்லை.

எண்கள் சொன்ன செய்தி

திட்டமான கணக்குத் தந்தவர் 348 பேர். அவர்களுக்கு உயிரோடு பிறந்த குழந்தைகள் 1,396. உயிரற்றுப் பிறந்தவை 83. கருச்சிதைவுகள் 218. அதாவது, கருவுற்றதில் ஆறில் ஒன்றுக்கு மேற்பட்டவை வீணாயின. உயிரோடு பிறந்தவற்றுள்ளும் 122 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. இத்தனைக்கும் எழுதியவர்கள் தொழிலாளருள் சற்று வசதி உடையவர்கள். அவர்கள் நிலையே இதுவென்றால், கடிதம் எழுதவும் இயலாத ஏழையின் நிலை என்ன என்ற கேள்வி தானே எழுந்தது.

அமைச்சராயிருந்த ஹெர்பர்ட் சாமுவேல் அந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். 1918-இல் தாய்-சேய் நலச் சட்டம் நிறைவேறிற்று. தாய்மாருக்கான நிலையங்கள் அமைக்கவும், வீடு தேடிச் சென்று உதவவும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு அது அதிகாரம் அளித்தது. இச்சட்டத்துக்குக் காரணங்கள் பல. தாய்மாரின் கடிதங்கள் அவற்றுள் ஒன்று.

சட்டம் வந்தவுடன் மரணம் குறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1930-களின் நடுப்பகுதி வரையில் அந்நாட்டில் 1,000 பிரசவங்களுக்கு ஏறத்தாழ 4 தாய்மார் இறந்துகொண்டே இருந்தனர். பிரசவ சன்னியை அடக்கும் சல்பா மருந்துகள் வந்த பின்னரே அத்தொகை விரைந்து சரிந்தது. அநுபவம் குறையைக் காட்டும். அதைத் தீர்க்க மருத்துவமும் துணை வரவேண்டும்.

ஒப்பிடுதலின் எல்லை

ஒருத்தியின் அநுபவம் மற்றொருத்திக்கு அளவுகோல் ஆகாது. முதல் பிரசவம் பொதுவாக அடுத்ததைவிட நீளும். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்தபின் முழுதும் விரிவதற்கு முதற்பேற்றில் 12 மணி நேரம் வரையிலும், அடுத்த பேறுகளில் 10 மணி நேரம் வரையிலும் ஆகலாம். ஆகவே, அடுத்த வீட்டுக்காரி நான்கு மணி நேரத்தில் பெற்றாள் என்பதற்காக இன்னொருத்தி அஞ்ச வேண்டியதில்லை.

அதே வழிகாட்டுதல் மற்றொன்றையும் வலியுறுத்துகிறது. தாயும் சேயும் பிழைத்தால் மட்டும் போதாது. அவள் மரியாதையோடு நடத்தப்பெற்றாளா, விரும்பிய துணை உடனிருந்ததா என்பதும் கணக்கில் சேர வேண்டும். இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவள் தாய் ஒருத்தியே. ஒருத்தி சொன்னால் அது கதை. நூறு பேர் சொன்னதைச் சேர்த்து எழுதினால் அது சான்று. பெயரில்லாத அந்த 160 தாய்மார் விட்டுச்சென்ற பாடம் இதுவேயாகும்.