திரு. இஸட்டின் கோபம்

கேரள எல்லையில் வாளையார் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடுகின்றன. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. தன்னைத் தவிர யாரையும் மதிக்காதவரைத் தமிழில் ‘மண்டைக்கனம் பிடிச்சவன்’ என்பார்கள், மலையாளத்தில் ‘அஹங்காரி’. இரண்டுமே வசவுகள். அந்த வசவுக்குள் சில சமயம் ஒரு நோயும் இருக்கிறது: தற்காதல் ஆளுமைக் கோளாறு.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980ல் இது இடம்பெற்றது. ஓயாத பாராட்டுப் பசி, பிறர் வலி உறைக்காமை, பொறாமை என 9 அடையாளங்கள். அவற்றில் குறைந்தது 5 இருந்து, வாழ்க்கையையே குலைத்தால்தான் நோய். செல்ஃபி மோகத்தை இதில் சேர்க்கக் கூடாது.

இந்தக் கோளாறு உள்ளவர்கள் தாமாகச் சிகிச்சைக்கு வருவது அரிது. மனைவி பிரிந்த பிறகோ, வேலை போன பிறகோ, “தூக்கமே வரலை டாக்டர்” என்று வருவார்கள். அதற்குள் வீட்டில் இருப்பவர்கள் நொந்து போயிருப்பார்கள். அவர்களுக்கும் ஆலோசனை தேவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வியன்னாவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ஸ் கோஹுட், 1979ல் ‘திரு. இஸட்’ என்பவரின் கதையை எழுதினார். எல்லாம் தனக்குச் சேர வேண்டும் என்று மருத்துவரிடமே சீறுகிற இளைஞர். கோஹுட் எத்தனை விளக்கம் சொல்லியும் கோபம் அடங்கவில்லை. உரியது என்று நம்பியது கிடைக்காவிட்டால் வலிக்கத்தானே செய்யும் என்று ஒருநாள் சொன்னார். இளைஞர் தணிந்தார். ஆண்டுகள் கழித்து, இரண்டாம் முறை சிகிச்சைக்கு வந்தபோதுதான் தாயின் முழு உருவம் தெரிந்தது: மகன் முகத்தின் கரும்புள்ளிகளை வாராவாரம் துருவிப் பார்த்தவள், அவன் மனதைப் பார்க்கவே இல்லை. கோஹுட் 1981ல் மறைந்த பின், அந்த இஸட் அவரேதான் என்று ஆய்வாளர்கள் பலர் முடிவுக்கு வந்தார்கள். அது அந்தக் கதையின் மதிப்பைக் கூட்டுகிறது என்றே தோன்றுகிறது.

அதே வியன்னாவில் பிறந்த ஓட்டோ கெர்ன்பெர்க் வேறு வழி சொன்னார்: பெருமிதத்துக்கு அடியில் இருக்கும் ஆத்திரத்தையும் பொறாமையையும் நேருக்கு நேர் பேசியாக வேண்டும். இன்றைய சிகிச்சையாளர்கள் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கோளாறுக்கென்று மாத்திரை கிடையாது. உடன் வரும் மனச்சோர்வுக்கு உண்டு. பேச்சுவழிச் சிகிச்சைக்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆகும்.

கடையில் மலையாளம் பேசி, வீட்டில் தமிழில் அழுகிறவருக்கு எந்த மொழியில் சிகிச்சை? எல்லையில் இது பெரிய கேள்வி. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416ல் இரண்டு மொழியிலும் பேசலாம். முதல் அழைப்பைக் குடும்பத்தாரே செய்யலாம்.

பிறகு நடப்பது மெதுவானது. சிகிச்சையாளர் ஐந்து நிமிடம் தாமதமாக வருகிறார். எதிரில் இருப்பவர் முகம் இறுகுகிறது, “எனக்கு வேற வேலை இருக்கு” என்று எழுகிறார். “காக்க வெச்சது என் தப்புதான். அந்த அஞ்சு நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்கிறார் சிகிச்சையாளர். பதில் வருவதில்லை. ஆனால், எழுந்தவர் மறுபடி உட்காருகிறார்.