ஊடுகதிர் அறைக்குச் செல்லும் பாதையும் ஒரு விழுக்காடும்

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் வனத்தில் ஆந்திரக் காவல் துறையினர் சுட்டுக் கொன்ற 20 பேரில் போளூர் வட்டாரத்தையும் ஜவ்வாது மலையையும் சேர்ந்தவர்களும் இருந்தனர். மரம் வெட்டும் கூலிக்காக எல்லை தாண்டிச் சென்றவர்கள் அவர்கள். அவர்களுடைய தலைமுறைக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இன்று பிளஸ் டூ முடித்து நிற்கிறார்கள். அடுத்து என்ன என்ற கேள்விக்கு ஆசிரியர் பயிற்சி, செவிலியம், காவலர் தேர்வு என்ற மூன்று விடைகளையே ஊர் சொல்கிறது. மருத்துவப் படிமவியல் என்றொரு துறை இருப்பதை யாரும் சொல்வதில்லை.

இத்துறைக்குள் இரண்டு வாசல்கள் உள்ளன. எம்.பி.பி.எஸ். முடித்து, முதுநிலை நீட் எழுதி, எம்.டி. கதிரியக்கவியல் படிப்பவர் படத்தைப் பார்த்து நோயைக் கணிக்கும் மருத்துவர். முதுநிலைக் கலந்தாய்வில் முன்வரிசைத் தரம் பெற்றவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளும் இடங்கள் இவை. மற்றொரு வாசல் தொழில்நுட்பருக்கானது. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளை இயக்கிப் படமெடுப்பவர் அவரே. மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்ட பி.எஸ்சி., அல்லது இரண்டாண்டுப் பட்டயப்படிப்பு இதற்குப் போதும். தமிழ்நாட்டில் இவற்றுக்கான சேர்க்கை நீட் இன்றி, அறிவியல் பாடங்களின் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடந்து வந்திருக்கிறது.

ஆனால் மதிப்பெண் மட்டும் போதாது, சான்றிதழும் வேண்டும். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 (அதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. பட்டியல் சாதிச் சான்றை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடிச் சான்றையோ கோட்டாட்சியரே தர வேண்டும், விசாரணையும் நீளும். மத்திய அரசின் பட்டியலில் மலையாளி சமூகம் பழைய வட ஆர்க்காடு உள்ளிட்ட குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு மட்டுமே பழங்குடியாக இடம்பெற்றுள்ளது. எனவே பூர்வீகம் எது என்ற கேள்வி ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுகிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து அலுவலகத்திற்கு அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி இழப்பு. கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு சான்றுக்கு ஓடினால் அந்த ஒரு விழுக்காடும் கைநழுவும். பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்கச் செய்வதுதான் இயக்கத் தோழர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்று நாம் கருதுகிறோம். எந்தக் கருத்தரங்கையும்விட அது மேல்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2012ஆம் ஆண்டின் அரசாணை 92ஐ மாணவர்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். வருமான வரம்புக்குட்பட்ட ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். இங்கே ஒரு பொறி உண்டு. 2018இல் மத்திய அரசு மாற்றிய வழிகாட்டுதல்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை இந்த உதவித்தொகையிலிருந்து விலக்கின. “இடம் இருக்கிறது, உடனே சேருங்கள், உதவித்தொகை பிறகு வரும்” என்று தரகர் சொன்னால், கலந்தாய்வு ஆணை எங்கே என்று கேளுங்கள்.

அங்கீகாரமற்ற ஆறு மாத, ஓராண்டுச் சான்றிதழ்கள் இன்னொரு வலை. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்போ மருத்துவக் கல்வி இயக்ககத்தின் அங்கீகாரமோ இல்லாத படிப்பை வைத்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் ரேடியோகிராபர் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. அல்ட்ராசவுண்ட் எடுக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் விளம்பரங்களையும் ஐயத்துடன் பார்க்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி, கருவுற்ற பெண்ணுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்யும் உரிமை உரிய தகுதி பெற்ற மருத்துவருக்கே உண்டு. சிக்கினால் வழக்கு தொழில்நுட்பர் மீதும் பாயும்.

கதிர்வீச்சுக்கு அஞ்சும் பெற்றோர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இன்னொருவர் செய்ய மறுக்கும் ஆபத்தான வேலையை நம்மவர் தலையில் கட்டுவது புதிதன்று. ஆனால் இங்கே ஆபத்துக்கு அளவுகோல் உண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 என்று வரம்பு விதித்துள்ளது. மார்பில் அணியும் டி.எல்.டி. பட்டை அந்த அளவைப் பதிவு செய்கிறது. பொதுவாக மூன்று மாதத்திற்கு ஒருமுறை அது ஆய்வகத்திற்குச் செல்லும். வேலைக்குச் சேரும் முதல் நாளில் உங்கள் பெயரிலேயே அந்தப் பட்டையைக் கேளுங்கள். ஒப்பந்தப் பணியாளர் என்பதால் கிடையாது என்று சொல்ல எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை. முந்தைய அளவீட்டுப் பதிவுகளின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணியிடம் மாறும்போது அது உங்களோடு வர வேண்டும்.