வினாகிரியும் மீன்தொட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் உட்புறத்தை நோக்கியவர்கள், அங்கே வெண்ணிறப் படையொன்று தடித்து ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பார்கள். அதே படைதான் அந்நீர் நிறைந்த கண்ணாடி மீன்தொட்டிகளிலும் நீர்மட்டத்தை ஒட்டிக் கோடிட்டாற்போலப் படிகின்றது. காற்று செல்லும் குழாயை அது அடைக்கின்றது; நுண்குமிழ்களை எழுப்பும் காற்றுக்கல்லின் துளைகளை மூடுகின்றது. இதை வெறும் அழுக்கென எண்ணிச் சவர்க்காரமிட்டுத் தேய்ப்போர் பலர். சவர்க்காரத்துக்கு அப்படை அசைவதில்லை. எஞ்சி நிற்கும் சவர்க்காரமோ மீன்களுக்கு நஞ்சாகின்றது.

நேயர்களே, இப்படை எங்கிருந்து வருகின்றது? குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் நிலத்தினூடு இறங்கும்போது, வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைத் தன்னுட் கொண்டு சிறிதளவு அமிலத்தன்மை அடைகின்றது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு கிணற்றை வந்தடைகின்றது. தொட்டியில் நீர் ஆவியாகும்போதும், காற்றுக்குமிழ்கள் காபனீரொட்சைட்டை வெளியேற்றும்போதும், கரைந்திருந்த பொருள் கல்சியம் காபனேற்றாக மாறி மீண்டும் கல்லாகின்றது. நீர் போகும், சுண்ணாம்பு போகாது. குறைந்த நீருக்கு ஈடாகப் புதுநீர் வார்க்கும் ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு மேலும் சேர்கின்றது.

இதற்கு மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கின்றது. அச்சாறு போடுவதற்கு வைத்திருக்கும் வினாகிரியே அது. தென்னங்கள்ளைப் புளிக்கவைத்துப் பெறும் வினாகிரி நம் நாட்டில் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. சாதாரண வினாகிரியில் நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு வரை அசற்றிக்கமிலம் உண்டு. அவ்வமிலம் சுண்ணாம்பைத் தொட்டதும் நுரை எழும். அந்நுரை காபனீரொட்சைட்டு வாயு. எஞ்சுவது நீரும், நீரிற் கரையும் கல்சியம் அசற்றேற்றும் ஆகும். கல்லாக ஒட்டியிருந்தது கரைந்து நீரோடு போய்விடுகின்றது. பித்தளைக் குடத்தைப் புளியிட்டு விளக்கும் நம் பெண்கள் நெடுநாளாகக் கையாண்டு வருவதும் அமிலத்தின் இவ்வாற்றலையே.

செய்யும் முறை எளிது. குழாய், காற்றுக்கல், மூடிக் கண்ணாடி ஆகியவற்றைத் தொட்டிக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் கருவியாயின் முதலில் மின்தொடர்பை நீக்கி, வெப்பமூட்டியாயின் ஆறவும் விட வேண்டும். மின்னிணைப்புள்ள பகுதிகளை வினாகிரியில் அமிழ்த்தலாகாது. படை மெல்லியதாயின் வினாகிரியும் நீரும் சம அளவிற் கலந்து அரைமணி நேரம் ஊறவைக்கலாம். தடித்ததாயின் நீர் கலவாத வினாகிரியிற் சில மணி நேரம் வைக்கலாம். தெளிந்த வெள்ளை வினாகிரியே இதற்கு ஏற்றது. பின்னர் பழைய பற்தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, புளிப்பு மணம் அற்றபின் தொட்டியில் வைக்க வேண்டும். வெறுமையான தொட்டியின் சுவரிலுள்ள கோட்டைப் போக்க, வினாகிரியில் நனைத்த துணியை அதன்மேற் சற்று நேரம் ஒட்டி வைத்தாற் போதும்.

செய்யத் தகாதவையும் உண்டு. மீன்கள் வாழும் நீரில் வினாகிரியை ஊற்றலாகாது. நீரின் அமிலத்தன்மை திடீரென ஏறி மீன்களை வருத்தும். சிப்பி, பவளம், சுண்ணாம்புக்கல் ஆகிய அலங்காரப் பொருள்களை அதில் ஊறவைத்தால் அவையே கரையும். வெளிற்றும் தூளோடு வினாகிரியை ஒருபோதும் சேர்த்தலாகாது. அதிலிருந்து எழும் குளோரீன் வாயு மனிதருக்கே கேடு விளைக்கும்.

இன்னுமொன்றை நான் பிழைசெய்தே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், பரிசளிப்பு விழாவுக்காக எங்கள் பாடசாலை மீன்தொட்டியைப் பளபளக்கச் செய்யுமாறு மாணவரைப் பணித்தேன். அவர்கள் குழாயையும் கல்லையும் வினாகிரியில் ஊறவைத்தனர். கபில நிறச் சேறு படிந்திருந்த வடியின் பஞ்சையும் அதிலேயே ஊறவைத்து வெளுக்கக் கழுவினர். விழாவுக்கு வந்தோர் தொட்டியைக் கண்டு வியந்தனர். நான்காம் நாள் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கிழமை முடிவதற்குள் பன்னிரண்டில் மூன்றே எஞ்சின. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கண் கலங்க, "ஐயா, சுத்தமாகத்தானே கழுவினோம்?" என்று கேட்டான். கலைப் பட்டதாரியாகிய என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

விஞ்ஞான ஆசிரியர் விளக்கினார். மீன்களின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது, அது நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும், பின் பெரும் தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றுவன அப்பஞ்சிற் குடிகொண்டிருந்த பற்றீரியாக்கள். நாங்கள் அழுக்கென்று அகற்றியது அத்தொட்டியைக் காத்து வந்த உயிர்க்கூட்டத்தை. அன்றுமுதல் நாள்தோறும் தொட்டி நீரிற் காற்பங்கை மாற்றினோம், உணவைக் குறைத்தோம். எஞ்சிய மூன்றும் பிழைத்தன. பஞ்சை அலச வேண்டின், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெதுவாக அலச வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பார்கள். கறுத்ததெல்லாம் அழுக்குமன்று. குழாயிற் படிந்த வெண்மை நீக்கத்தக்கது. பஞ்சிற் படிந்த கபிலம் காக்கத்தக்கது. அம்மாணவன் கேட்டதற்கு இன்று நான் கூறும் விடை இதுவே: "தம்பி, நீங்கள் கழுவியது பிழையன்று. எதைக் கழுவ வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்லித்தராமற் பணித்த நானே பிழை செய்தேன்."