டோனாவூருக்கு மறுபடியும்

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தவர். இங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தார். 1951இல் மறையும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்றார். அவர் வளர்த்த பிள்ளைகளோ, பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தார்கள்.

வந்து போகிறவர்களுக்கு அந்தத் தொட்டி கொஞ்சம் உறுத்தல்தான். ஒரு வாரம் தங்குகிறோம், படம் எடுக்கிறோம், “அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்” என்கிறோம். அங்கேயே வளர்ந்து அங்கேயே பணி செய்யும் அக்கா ஒருவர் எனக்குத் தோழி. இந்தச் சொல்லை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பாரோ! ஆறு ஆண்டுகள் கழித்து நான் போய் நின்றபோது ஆர்ப்பாட்டமே இல்லை. “எப்பம் வந்தே? சாப்டியா?” அவ்வளவுதான். முதல் தடவை நாற்காலி போட்டு உட்கார வைத்தவர், இம்முறை அரிவாள்மணையையும் வெங்காயக் கூடையையும் என் பக்கம் தள்ளினார். எனக்கு அதுதான் பெரிய மரியாதை.

கோலாலம்பூரிலிருந்து கொண்டுபோன மைலோ பொட்டலங்களை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் காதில் விழாதபடி சொன்னார்: “திரும்ப வருவேன்னு மட்டும் அதுகள்ட்ட சொல்லிராத. நாள் எண்ணிட்டே இருக்கும்.”